சந்தை நாளில் போய் இறங்குங்கள்: இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் கால்நடையாகப் பார்க்க

கேள்வி: ஜூன் மாதம் லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருகிறோம். நானும் என் கணவரும் அறுபதை நெருங்குகிறவர்கள். நன்றாக நடப்போம், ஆனால் இங்கே கார் ஓட்டப் போவதில்லை. ஆங்கிலேயக் கிராமங்களையும் சந்தை ஊர்களையும் பார்க்க நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே நாளில் ஐந்து கிராமங்களைச் சுற்றிக் காட்டும் பஸ் பயணத்துக்குப் பதிவு செய்யலாமா? எந்தெந்தக் கிராமங்களைத் தவறவிடக் கூடாது?

பதில்:

அந்தப் பஸ் பயணம் வேண்டாம். நான்கு நாள் கையில் இருக்கும்போது அதை ஒரு நாளில் முடித்துக்கொள்வது பெரிய இழப்பு. அந்தப் பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் அரை மணி, முக்கால் மணி நேரம் இறக்கிவிடுவார்கள். அதே நேரத்தில் இன்னும் பல பஸ்கள் அங்கே வந்து நிற்கும். கழிப்பறைக்கு ஒரு வரிசை, ஐஸ்கிரீமுக்கு ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை என்று நேரம் போய்விடும். ஐந்து ஊர்களும் ஒன்றுபோலவே நினைவில் தங்கும்.

என் யோசனை இது: ஒரே ஒரு சந்தை ஊரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே சந்தை கூடும் நாளுக்கு முந்தைய மாலை போய் இறங்குங்கள். நான்கு இரவும் அங்கேயே தங்கி, சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடந்தும் உள்ளூர் பஸ்ஸிலும் போய் வாருங்கள். இதைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிலப்பரப்பு உருவான விதமே அப்படிப்பட்டது.

இடைக்கால இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் சந்தை கூட்டிவிட முடியாது. அதற்கு அரசரின் உரிமைப் பட்டயம் வேண்டும். பட்டயம் பெற்ற நிலப்பிரபுவோ மடமோ அங்கே கடை போடுகிறவர்களிடம் சுங்கம் வாங்கலாம். தகராறு வந்தால் தீர்த்து அபராதம் விதிக்கலாம். நல்ல வருமானம். அதனால் 13ஆம் நூற்றாண்டில் பட்டயங்களுக்குப் பெரும் போட்டி இருந்தது. ஒரு சந்தை பக்கத்துச் சந்தையைக் கெடுக்காமல் இருக்க எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கு, பிராக்டன் என்ற சட்ட அறிஞரின் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டு நூல் ஒரு கணக்குச் சொல்கிறது. ஒருவர் ஒரு நாளில் 20 மைல் நடப்பார். அந்த நாளை மூன்றாகப் பிரித்தால், ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு விற்று வாங்க, ஒரு பங்கு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப. ஆகவே இரண்டு சந்தைகளுக்கு இடையே குறைந்தது ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம், அதாவது சுமார் 10.7 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இந்த விதியை எல்லோரும் மதித்ததில்லை. நான் கீழே சொல்லும் ஊர்களிலேயே அதைவிட நெருக்கமானவை உண்டு. ஆனாலும் இங்கிலாந்தின் வரைபடத்தை விரித்தால் ஊர்கள் இப்படி அருகருகே விழுந்திருப்பதற்குக் காரணம் புரியும். முட்டைக் கூடையும் வெண்ணெய்க் குடமுமாகப் போய்ப் பொழுதோடு திரும்பிய பெண்களின் கால்கள்தான் அந்தத் தூரங்களை வரையறுத்தன. அந்தத் தூரத்தைக் காரில் எட்டு நிமிடத்தில் கடந்தால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள உறவு கண்ணில் படாது.

கார் இல்லாத உங்களுக்கு நான் சொல்லும் ஊர் மோர்ட்டன்-இன்-மார்ஷ். காட்ஸ்வோல்ட்ஸ் என்னும் குன்றுப் பகுதியின் வடபக்கம் இருக்கிறது. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்ஃபர்ட் வழியாக நேரடி ரயில். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். நிலையத்திலிருந்து ஊரின் நடுத்தெருவுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். அதைவிட அழகான ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரயில், பஸ், வாரச்சந்தை, மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே தெருவில் கிடைப்பது இந்த வட்டாரத்தில் அரிது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஊர். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை. எனவே திங்கள் மாலை போய்ச் சேருங்கள். செவ்வாய் காலை ஜன்னலைத் திறந்தால் நடுத்தெருவில் கூடாரக் கம்பிகள் ஏறிக்கொண்டிருக்கும். காய், பழம், பாலாடைக்கட்டி, பூச்செடி, துணிமணி, வீட்டுச் சாமான் என்று எல்லாம் கலந்த சந்தை. சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமான பொருள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. வட்டாரத்து மூதாட்டிகள் சக்கரப் பையை உருட்டிக்கொண்டு வந்து, பழக்கப்பட்ட கடைக்காரரிடம் நின்று பேசி வாங்குவதைப் பார்க்கலாம். ஜூனில் ஸ்ட்ராபெர்ரி நிச்சயம் இருக்கும். ஜூன் 21க்குள் வந்தால் அஸ்பாரகஸும் கிடைக்கும். இதே ரயில் பாதையில் சற்றுத் தள்ளியுள்ள ஈவ்ஷம் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்பெற்றது. ஏப்ரல் 23 முதல் ஜூன் 21 வரைதான் அதன் பருவம் என்பது பழைய கணக்கு. ஒரு கட்டு வாங்கி, தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் வெண்ணெயில் வதக்கிப் பாருங்கள்.

கடைகளைப் பார்த்த கண்ணோடு அந்தத் தெருவையும் பாருங்கள். இவ்வளவு சிறிய ஊருக்கு ஏன் இவ்வளவு அகலமான தெரு? ரோமானியர் போட்ட ஃபாஸ் வே என்னும் நெடுஞ்சாலை ஊரின் நடுவே நேராக ஓடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்துக்கு உரிமையாளர்களாக இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகள், அந்தச் சாலையின் இருபுறமும் ஒரு புதிய சந்தை ஊரைத் திட்டமிட்டு அமைத்தார்கள். ஆடுமாடுகளும் வண்டிகளும் நிற்கத் தெருவை அகலமாக விட்டார்கள். தெருவைப் பார்த்த முகப்பில் இடம் கிடைக்கத்தான் எல்லாரும் விரும்புவார்கள் என்பதால் மனைகளைக் குறுகலாகவும் பின்னோக்கி நீளமாகவும் வெட்டினார்கள். அந்த மனைக்கோடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. கடைகளுக்கு இடையே உள்ள வளைவுச் சந்துகளில் எட்டிப் பார்த்தால் பின்புறம் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பது தெரியும். இதை ஓர் ஊரில் கண்டுகொண்டால் பிறகு எந்தச் சந்தை ஊருக்குப் போனாலும் அதன் எலும்புக்கூட்டை உங்களால் படிக்க முடியும்.

அடுத்த நாளுக்கு சிப்பிங் கேம்ப்டன். மோர்ட்டனிலிருந்து பஸ் இருக்கிறது. நான்கு நாளில் ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் என்றாலும் இதைத்தான் சொல்வேன். இந்த வட்டாரம் எப்படிப் பணக்காரப் பகுதி ஆனது, பிறகு எப்படி அப்படியே உறைந்து நின்றது என்ற இரண்டு கதைகளையும் அதன் ஒற்றைத் தெரு சொல்லிவிடும்.

முதல் கதை கம்பளி. காட்ஸ்வோல்ட் குன்றுகளின் மெல்லிய சுண்ணாம்பு மண்ணில் நல்ல புல் வளரும். அதில் மேய்ந்த பெரிய உருவமுள்ள ஆடுகளின் நீண்ட ரோமத்தை ஃபிளாண்டர்ஸ், ஃபிளாரன்ஸ் நெசவாளர்கள் தேடி வாங்கினார்கள். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் முதன்மையான ஏற்றுமதி கம்பளிதான். அந்த வணிகத்தில் தலையெடுத்த வில்லியம் கிரெவல் என்பவர் 1380 வாக்கில் கட்டிய வீடு இந்தத் தெருவில் இன்னும் நிற்கிறது. இரண்டு மாடி உயரத்துக்கு எழும் அதன் கல் ஜன்னலைத் தேடிப் பாருங்கள். அவர் 1401இல் இறந்தார். தூய யாக்கோபு தேவாலயத்தின் தரையில் அவருடைய உருவம் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. இங்கிலாந்து முழுவதற்குமான கம்பளி வணிகர்களின் மலர் என்று லத்தீனில் அவரைப் போற்றுகிறது. ஒரு சிற்றூருக்கு இவ்வளவு உயர்ந்த கோபுரத்தோடு ஏன் ஒரு தேவாலயம் என்று வியக்க வேண்டாம். இந்த வட்டாரத்தில் ஆட்டு ரோமத்தில் சேர்ந்த செல்வம் இப்படித்தான் கல்லாக மாறியது. நார்த்லீச் என்ற ஊரின் தேவாலயத்தில் வணிகர்களின் பித்தளை உருவங்கள் ஆட்டின் மீதும் கம்பளி மூட்டையின் மீதும் கால் பதித்து நிற்கின்றன. எங்கிருந்து பணம் வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

தெருவின் நடுவே 1627இல் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் கட்டித் தந்த சந்தை மண்டபம் இருக்கிறது. நாலாபுறமும் வளைவுகளோடு திறந்த மண்டபம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்கிறவர்கள் மழையில் நனையாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்டது. உள்ளே போய் நில்லுங்கள். தரைக் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேலே மரச்சட்டங்கள் தெரியும். 1940களில் இது கைமாறிப் போகும் நிலை வந்தபோது ஊர்மக்கள் பணம் திரட்டி மீட்டு, நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். தேவாலயத்துக்குப் போகும் வழியில் அதே ஹிக்ஸ் 1612இல் ஊர் முதியோருக்காகக் கட்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. இன்றும் முதியோர்தான் அங்கே குடியிருக்கிறார்கள்; வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்காமல் கடந்து செல்லுங்கள்.

இரண்டாவது கதை வறுமை. கம்பளி வணிகம் தளர்ந்து, துணி நெசவும் பின்னர் நிலக்கரியும் நீராவியும் இருந்த யார்க்‌ஷயர் பக்கம் போனதும் இந்த ஊர்களில் பணம் வற்றிப்போனது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் எல்லாம் மிச்சம் இருக்கிறது. 1902இல் சி.ஆர். ஆஷ்பி தம்முடைய கைவினைக் கலைஞர் குழுவைக் கிழக்கு லண்டனிலிருந்து இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, காலியாகக் கிடந்த வீடுகளிலும் பழைய பட்டு ஆலையிலும்தான் இடம்பிடித்தார்கள். பட அட்டைகளில் மாறாத சொர்க்கம்போலத் தெரியும் இந்த வீதிகளின் பின்னால் வேலை தேடி ஊரைவிட்டுப் போன தலைமுறைகள் இருக்கின்றன. இப்போது நிலைமை தலைகீழ். வசதியுள்ளவர்கள் வார இறுதிக்காக வீடு வாங்குவதால், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் விலை கொடுத்து வாங்க முடியாமல் வெளியேறுகிறார்கள். அழகை ரசிக்கும்போது இதையும் தெரிந்துகொண்டு ரசிப்பது நல்லது.

கேம்ப்டனிலிருந்து டோவர்ஸ் ஹில் என்ற மேட்டுக்கு ஏறுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுதான். 1612 வாக்கில் ராபர்ட் டோவர் என்ற வழக்கறிஞர் ஊர்த் திருவிழா விளையாட்டுகளை அங்கேதான் நடத்தினார். மேலே நின்றால் ஈவ்ஷம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும். கேம்ப்டனில் தொடங்கி இந்த மேட்டின் வழியாகப் பாத் நகரம் வரை 102 மைலுக்குக் காட்ஸ்வோல்ட் வே என்னும் நெடும்பாதை போகிறது; அதில் முதல் மைலையாவது நடந்த நிறைவு உங்களுக்குக் கிடைக்கும்.

நடைபாதைகளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் இங்கே வயல் விளிம்பில் தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாருடையதோ நிலம், உள்ளே போகலாமா என்ற தயக்கம். போகலாம். சாலையோரம் மரக்கம்பத்தில் பொது நடைபாதை என்று எழுதியிருந்தால், அல்லது வேலிக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால், அந்த வழியில் நடப்பது உங்கள் சட்ட உரிமை. கோதுமை விளைந்து நின்றாலும் பாதையை மூடாமல் விட்டுவைப்பது விவசாயியின் கடமை. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இத்தகைய பொது வழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. வயலுக்கும் தேவாலயத்துக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டான வழிகள் அவை. 1949இல் வந்த சட்டம் உள்ளாட்சிகளை அவற்றை வரைபடத்தில் பதிவுசெய்ய வைத்தது. அந்த உரிமைகள் சும்மா கிடைத்தவையும் அல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று டர்பிஷயரின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில், நிலப்பிரபுக்கள் வேட்டைக்காக அடைத்துவைத்திருந்த நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே நுழைந்து நடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். திறந்த மேட்டுநிலங்களில் சுற்றித் திரியும் உரிமை சட்டமாக 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆர்ட்னன்ஸ் சர்வே என்னும் அரசு வரைபட நிறுவனம் வெளியிடும் எக்ஸ்புளோரர் வரிசையில் ஓஎல்45 என்ற வரைபடம் இந்த வட்டாரத்துக்கு உரியது. 4 சென்டிமீட்டருக்கு 1 கிலோமீட்டர் கணக்கு. பச்சைப் புள்ளிக்கோடுகள்தான் பொது வழிகள். ஃபோனிலும் கிடைக்கும், ஆனால் பள்ளங்களில் சிக்னல் அடிக்கடி போய்விடும். காகித வரைபடம் ஒன்றை வாங்கிவிடுங்கள். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்த கதவை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். மாடுகள் கன்றோடு நின்றால் இரண்டுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். கன்றுள்ள பசு இங்கும் சாது அல்ல. வேலியைத் தாண்ட மரப்படி வைத்த இடங்கள் வரும். முழங்கால் வலி இருந்தால் ஒருவர் ஏறும்போது மற்றவர் கைகொடுக்கலாம்.

வியாழக்கிழமை போர்ட்டன்-ஆன்-த-வாட்டருக்கு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வின்ட்ரஷ் ஆறு கணுக்கால் ஆழத்தில் ஊரின் நடுவே ஓட, அதன் மேல் தாழ்ந்த கல் பாலங்கள். காலை ஒன்பது மணிக்கு மிக அழகான ஊர். பதினொரு மணிக்குப் புல்வெளியில் உட்கார இடம் இருக்காது. அதற்குள் அங்கிருந்து நடந்துவிடுங்கள். லோயர் ஸ்லாட்டர் 2 கிலோமீட்டர்தான். அங்கே ஐ என்ற சிற்றோடையும், ஓடைக்கரையில் பழைய மாவு ஆலையும் இருக்கின்றன. சுற்றிலும் பொன்னிறக் கல் வீடுகள் இருக்க, ஆலையின் புகைபோக்கி மட்டும் சிவப்புச் செங்கல். ஓடையை ஒட்டி மேலே இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் அப்பர் ஸ்லாட்டர். அங்கே கடை எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

அந்த ஊரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் தேவாலயத்தின் அருகிலோ ஊர் நடுவிலோ ஒரு கல் சிலுவை இருக்கும். முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் இளைஞர்களின் பெயர்கள் அதில் செதுக்கப்பட்டிருக்கும். முப்பது வீடுகள் உள்ள ஊரில் பத்துப் பெயர்கள், அதிலும் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை. ஒவ்வோர் ஊரிலும் நின்று அதைப் படியுங்கள். அப்பர் ஸ்லாட்டரில் அப்படி ஒரு கல் இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பி வந்த மிகச் சில கிராமங்களில் அது ஒன்று.

அங்கிருந்து வந்த வழியே திரும்பலாம். இல்லையென்றால் வயல் வழியாக ஸ்டோ-ஆன்-த-வோல்டு வரை நடக்கலாம். ஸ்டோ மேட்டின் உச்சியில் இருக்கும் ஊர். அதன் சந்தைச் சதுக்கம் மிகப் பெரியது. சதுக்கத்துக்கு வரும் சில சந்துகள் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். ஆடுகளை ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். பழைய ஆட்டுச் சந்தைகள் போய்விட்டன. மே மாதமும் அக்டோபரிலும் ஜிப்சி மக்கள் கூடும் குதிரைச் சந்தை மட்டும் இன்னும் நடக்கிறது. தூய எட்வர்டு தேவாலயத்தின் வடக்கு வாசலின் இருபுறமும் இரண்டு யூ மரங்கள் தூண்களைப் போலக் கதவோடு ஒட்டி வளர்ந்திருக்கின்றன. ஸ்டோவிலிருந்து மோர்ட்டனுக்கு பஸ் உண்டு.

கடைசி நாளை நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் இடத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள். மோர்ட்டனுக்கு மேற்கே போர்ட்டன்-ஆன்-த-ஹில் என்ற சரிவுக் கிராமம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே லாங்பரோ வரை ஹார்ட் ஆஃப் இங்கிலாந்து வே என்ற பாதை ஒரு பெரிய தோட்ட நிலத்தின் ஊடாகப் போகிறது. ஓக் மரங்களும் மேயும் ஆடுகளுமாக நடந்துகொண்டிருக்கும்போது, மரங்களுக்கு மேலே பச்சை நிறத் தாமிரக் குவிமாடம் ஒன்று எழும்பும். மூலைகளில் சிறு கோபுரங்கள், மயில்தோகைபோல வளைந்த ஜன்னல்கள். முகலாயப் பாணியில், காட்ஸ்வோல்ட் கல்லில் கட்டிய சீசின்கோட் மாளிகை அது. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியத்தில் வங்காளத்தில் பணம் சேர்த்த சார்லஸ் காக்கரெல், தம் சகோதரரும் கட்டடக் கலைஞருமான சாமுவேல் பெப்பிஸ் காக்கரெலைக் கொண்டு 1805 வாக்கில் கட்டியது. தோட்டத்தில் சூரியனுக்கு ஒரு சிறு கோயிலும், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நந்திகளும் இருக்கின்றன. அந்தத் தோட்ட வேலைகளுக்கு ஆலோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். அவரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் சுற்றித் திரிந்து நம் கோயில்களை வரைந்தவர்கள். அந்தப் பழைய அச்சோவியங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆன இளவரசர் இந்த வீட்டைப் பார்த்துச் சென்றார். பிரைட்டனில் அவர் எழுப்பிய குவிமாட அரண்மனைக்கு இது ஒரு தூண்டுதல் என்பார்கள்.

இங்கிருந்து சில மைல் கிழக்கே, ஸ்டோவுக்கு அப்பால் டேல்ஸ்ஃபர்ட் என்ற சிற்றூர். சென்னைக் கோட்டையில் கம்பெனியின் ஆட்சிக் குழுவில் இருந்து, பிறகு வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆன வாரன் ஹேஸ்டிங்ஸின் குடும்ப ஊர். குடும்பம் இழந்திருந்த நிலத்தை 1788இல் அவர் திரும்ப வாங்கி, அதே சாமுவேல் காக்கரெலை வைத்து மாளிகை கட்டினார். இந்தியாவில் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கொடுமைகளுக்காக அவர் மீதான பாராளுமன்ற விசாரணை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஏழாண்டு இழுத்து, 1795இல் விடுதலை ஆனார். 1818இல் இறந்து அங்கேயே அடக்கமானார். ஆங்கிலேயக் கிராமம் என்றால் உலகத்திலிருந்து ஒதுங்கி, தனக்குள் அமைதியாக வாழ்ந்த இடம் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்தக் குன்றுகளில் முதலில் ஐரோப்பிய நெசவாளர்களின் பணம் வந்து சேர்ந்தது. பிறகு இந்தியாவின் பணம் வந்து சேர்ந்தது. நம் சுற்றுலா வழிகாட்டிகளில் இது ஒரு வரிகூட வருவதில்லை என்பது எனக்கு வருத்தம். ஆகவேதான் இவ்வளவு சொல்கிறேன். சீசின்கோட் வீடும் தோட்டமும் சில மாதங்களில், சில நாள்களில், சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும், முன்பே விசாரியுங்கள். மூடியிருந்தாலும் பொதுப்பாதை மூடாது, குவிமாடம் அங்கிருந்தே தெரியும். லாங்பரோவிலிருந்து வயல் வழியாகவே மோர்ட்டனுக்குத் திரும்பலாம்.

வழியில் நீங்கள் காணும் நீண்ட கல் சுவர்கள், சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கியவை. பார்க்க மிகப் பழமையாகத் தோன்றும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றச் சட்டங்கள் மூலம் பொது மேய்ச்சல் நிலங்களைத் தனியுடைமை ஆக்கி வளைத்தபோது எழுந்தவை. அதுவரை ஒரு பசுவையும் நாலு வாத்துகளையும் ஊர்ப்பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழைகளுக்கு அந்தச் சுவர்களோடு ஒரு வாழ்க்கை முடிந்தது.

சாப்பாடு பற்றியும் கேட்பீர்கள். பப் என்றாலே மது அருந்துமிடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கிராமத்தில் அதுதான் சாப்பாட்டு இடம், குடும்பங்கள் வரும் இடம், ஊர்ச்செய்தி கிடைக்கும் இடம். பெரும்பாலும் முகப்பு மேடைக்குப் போய் உணவைச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்து உட்கார வேண்டும். காத்திருந்தால் யாரும் வராமலே போகலாம். குடிநீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். மதியச் சமையல் இரண்டு, இரண்டரை மணிக்கு நின்றுவிடும். மறுபடி மாலை ஆறுக்குத்தான். நடையில் நேரம் போனது தெரியாமல் மூன்று மணிக்குப் போய் நின்றால் உருளை வறுவல் பொட்டலம்தான் கிடைக்கும். சைவர்களுக்குக் கவலை வேண்டாம்; எல்லா இடத்திலும் இரண்டு மூன்று சைவ உணவுகளாவது இருக்கும். சூப் மட்டும் எதில் கொதித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள், இனிப்பு ஊறுகாய் சேர்ந்து வரும் பிளவ்மன்ஸ் தட்டு நடந்த பசிக்கு நன்றாக இருக்கும். அதில் இறைச்சி வைக்காமல் தரச் சொல்லுங்கள்.

பட அட்டைகளில் அடிக்கடி வரும் பைபரி என்ற கிராமத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்குள்ள ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பு ஆனது. உண்மையிலேயே அழகு. ஆனால் கார் இல்லாமல் போய் வருவது சிரமம். பஸ் நெரிசலால் அங்கே வாழ்கிறவர்கள் படும் தொல்லையும் அதிகம். அதை விட்டுவிடலாம்.

காட்ஸ்வோல்ட்ஸ் மிகவும் சீவி முடித்துப் பொட்டிட்டதுபோல இருக்கிறது, உழைக்கும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ் போங்கள். ஸ்கிப்டனில் கோட்டைக்கு முன்னால் நடுத்தெருவில் வாரத்தில் நான்கு நாள் சந்தை. செட்டில், ஹாஸ் இரண்டிலும் செவ்வாய்ச் சந்தை. ஆடுமாடு ஏலம் ஸ்கிப்டனிலும் ஹாஸிலும் இன்னும் நடக்கிறது. அங்கே விவசாயிகள்தான் கூட்டம். 1876இல் பயணிகளுக்குத் திறந்த செட்டில்–கார்லைல் ரயில் பாதையும், 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலமும் கூடுதல் லாபம். ஆனால் லண்டனிலிருந்து தூரம் அதிகம், மழையும் அதிகம். நான்கு நாளில் இரண்டு வட்டாரத்தையும் திணிக்காதீர்கள்.

ஜூன் நல்ல தேர்வு. இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் ஜூலை இறுதிக்கு மேல்தான். அறையை இப்போதே பதிவு செய்யுங்கள்; மோர்ட்டனில் விடுதிகள் குறைவு. ரயிலுக்கு டூ டுகெதர் அட்டை ஒன்றை இருவர் பெயரிலும் எடுத்தால் சேர்ந்து பயணம் செய்யும்போது கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாளில் காலை ஒன்பதரைக்கு முன் மட்டும் செல்லாது. உள்ளூர் பஸ்களில் ஒருவழிக் கட்டணத்துக்கு 2025 முதல் 3 பவுண்டு உச்சவரம்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு, மாலையில் கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும். ஆகவே திங்கள் மாலை போய் வெள்ளி மாலை திரும்புவதுபோல் வைத்துக்கொண்டு, புறப்படுவதற்கு முந்தைய வாரம் பஸ் நேரங்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.